கண்ணாடி கையில் இருக்கும்போது

கண்ணாடிக்காரருக்கும் நெட்டைக்கும் இடையில் ஒரே ஒரு சட்டம்தான் இருந்தது: கண்ணாடி கையில் இருக்கும்போது மரியாதை கிடையாது.

அந்தச் சட்டம் பிறந்த கதையை முதலில் சொல்லிவிடுவது நல்லது. நெட்டை கண்ணாடித் தொழிலில் அவரோடு கூட்டுச் சேர்ந்த புதிதில், ஒரு துணிக்கடைக்கு ஆள் உயரக் கண்ணாடி ஒன்றைக் கொண்டுபோனார்கள். ஆள் உயரம் என்றால் நெட்டையின் உயரம். ஒட்டடை அடிக்க அவனுக்குக் குச்சி தேவைப்பட்டதில்லை. பெரிய கண்ணாடியை இரண்டு பேர் தூக்கினால் முன்னால் போகிறவர் பின்புறமாகவே நடந்தாக வேண்டும். வழி அவருக்குத் தெரியாது. எதிரே பிடித்து வருகிறவனுக்குத்தான் தெரியும். உயரம் கருதி நெட்டை கண்ணாக இருப்பதென்றும், கண்ணாடிக்காரர் காலாக இருப்பதென்றும் ஏற்பாடு. கடை வாசலை நெருங்கும்போது நெட்டை வெகு பணிவாக, “அண்ணே, தப்பா நினைச்சுக்காதீங்க, கொஞ்சம் உங்க இடது பக்கமா ஒதுங்கி வந்தீங்கன்னா...” என்று ஆரம்பித்தான். அவன் சொல்லி முடிப்பதற்குள் கண்ணாடி வாசல் நிலையில் முட்டி ஒரு மூலை பெயர்ந்து விழுந்துவிட்டது.

கண்ணாடிக்காரர் உடைந்த மூலையையும் அவன் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

“ஏன்டா, வரவேற்புரையா படிக்கிற? கண்ணாடி கையில இருக்கிற வரைக்கும் நான் உனக்கு அண்ணனும் இல்ல, ஆட்டுக்குட்டியும் இல்ல. நில்லுடான்னா நிக்கிறேன். குனிடான்னா குனியிறேன். கீழ வச்சதுக்கு அப்புறம் உன் அண்ணனை எடுத்து வச்சுக்கோ.”

நெட்டைக்கு வாய் வரவில்லை. அவரைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளையவன். முதல் சில வாரம் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, கசப்பு மருந்தை விழுங்குகிறவனைப் போலத்தான் ‘டேய்’ சொன்னான். கண்ணை மூடினால் வழி எப்படித் தெரியும் என்று அதற்கும் திட்டு வாங்கினான். ஆனால் பழகப் பழக வாய் திறந்துகொண்டது. பிறகு அவன் திட்டுகிற அழகே தனி.

“டேய், நில்லு! என்னடா தேர் மாதிரி ஆடுற? பின்னாடி படி இருக்கு, குருட்டுப் பயலே, காலைத் தூக்கு!”

கண்ணாடி பத்திரமாகச் சுவரில் சாய்ந்த மறுகணம், “அண்ணே, தண்ணி குடிக்கிறீங்களா? வேர்த்துக் கொட்டுது பாருங்க” என்று துண்டை நீட்டுவான். பார்க்கிறவர்கள் வயிறு வலிக்கச் சிரிப்பார்கள். இருவருக்கும் அது விளக்கின் விசையைத் தட்டுவதுபோல இயல்பாகிவிட்டது. கீழே வைத்த பிறகு ஒரு முறைகூட நெட்டையின் வாய் தவறியதில்லை.

எல்லாக் கட்டளையிலும் பெரிய கட்டளை ஒன்று உண்டு. “விட்ரா!” கண்ணாடி கையிலேயே விரிசல் விட்டால் அதைக் காப்பாற்றப் பார்க்கக் கூடாது. இருவரும் ஒரே நொடியில் கையை விட்டுப் பின்னால் குதிக்க வேண்டும். அந்தச் சொல்லை நெட்டை கத்திய ஒவ்வொரு முறையும் கண்ணாடி போயிருக்கிறது, ஆளுக்கு ஒரு கீறல் விழுந்ததில்லை. கண்ணாடிக்காரர் அவன் வாயைப் பார்த்துக்கொண்டே நடப்பார். தன் முதுகுக்குக் கண் இல்லை என்ற கவலை அவருக்கு வந்ததே கிடையாது.

உண்மையைச் சொன்னால், அந்த ‘டேய்’ அவருக்குப் பிடித்தும் இருந்தது. வீட்டில் மனைவி ‘என்னங்க’ என்பாள். மகள் ‘அப்பா, வாங்க’ என்பாள். தெருவில் எல்லோருக்கும் அவர் முதலாளி. டேய் என்று கூப்பிட உரிமையுள்ளவர்கள் ஒவ்வொருவராகப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அப்பா போனார், அண்ணன் போனார், பள்ளிக்கூடத்துச் சேக்காளிகள் திசைக்கொருவராகச் சிதறிப்போனார்கள். மிச்சம் இருந்தது நெட்டை ஒருவன்தான், அதுவும் கண்ணாடி கையில் இருக்கும்போது மட்டும்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் மகளுக்குச் சம்பந்தம் அமைந்தது. நல்ல இடம். மாப்பிள்ளையின் அப்பா ஒரு அலுவலகத்தில் பெரிய நாற்காலியில் உட்கார்ந்து ஓய்வு பெற்றவர். வாயைத் திறந்தால் ஒவ்வொரு சொல்லும் சலவை செய்து மடித்து வைத்ததுபோல வரும். அந்த வீட்டில் பெரியவர், சின்னவர் எல்லோருக்கும் ‘வாங்க, போங்க’தான். நாலு வயசுப் பேத்தியைக்கூட ‘சாப்பிடுங்க’ என்றார்கள். “நாயி வளர்த்தா அதையும் ‘வாங்க’ன்னுதான் கூப்பிடுவாங்க போல” என்றாள் கண்ணாடிக்காரரின் மனைவி. கண்ணாடிக்காரர் சிரித்தார். ஆனால் உள்ளே ஒரு உதறல் வந்து உட்கார்ந்துகொண்டது. மகள் வாழப்போகிற வீடு. தன்னால் அவளுக்கு ஒரு சொல் வந்துவிடக் கூடாதே என்ற உதறல்.

சம்பந்தி அப்போதுதான் மாடி எடுத்துக் கட்டிக்கொண்டிருந்தார். முன்னறையில் தெருவைப் பார்த்து அகலமான ஜன்னல், இரண்டு பெரிய கண்ணாடி. வேறு யாரையும் கூப்பிடக் கூடாது என்று கண்ணாடிக்காரரே வாயை விட்டு வேலையை வாங்கிக்கொண்டார். “நம்ம பொண்ணு நின்னு தெருவைப் பாக்கப்போற ஜன்னல்டா. நம்ம கைதான் படணும்” என்றார் நெட்டையிடம். “பின்ன, வேற எவன் கை படும்ணே?” என்றான் நெட்டை. அந்தப் பெண் தவழ்ந்த நாளிலிருந்து அவன் தோளில் ஏறி வளர்ந்தவள்.

முதல் கண்ணாடி ஏறுகிற அன்று மாடி வாசலில் சம்பந்தியும் அவர் மனைவியும் மாப்பிள்ளையின் அக்காவும் கையில் டீயோடு நின்று வேடிக்கை பார்த்தார்கள். கண்ணாடிக்காரர் பின்புறமாகவே படியேறி, முற்றம்போல இருந்த இடத்துக்கு வந்துவிட்டார். அங்கே புதிதாக வாங்கிய பூந்தொட்டிகள். நெட்டை வழக்கம்போலத் தொண்டையைத் திறந்தான்.

“டேய், நில்லுடா! எங்கடா பராக்குப் பாக்கிற? பின்னாடி தொட்டி! இடதுடா, இடது! சொன்னா உன் மரமண்டையில ஏறாதா?”

மாப்பிள்ளையின் அக்காவுக்கு டீ புரைக்கேறியது. சம்பந்தியம்மாள் பார்வையைத் தெருப்பக்கம் திருப்பிக்கொண்டாள். கண்ணாடி நல்லபடியாக ஜன்னல் சட்டத்தில் உட்கார்ந்தது. நெட்டை நெற்றியைத் துடைத்துக்கொண்டு, “பசைக் குழாய் வண்டியிலேயே இருக்குண்ணே, எடுத்துட்டு வர்றேன்” என்று கீழே போனான்.

சம்பந்தி தொண்டையைச் செருமினார். “தப்பா நினைக்காதீங்க. அவர் உங்ககிட்ட வேலை செய்யறவரா?”

“ஆமாங்க.”

“உங்களையா அப்படி டேய்ங்கிறார்?”

அந்த இடத்தில் ஒரே ஒரு வாக்கியம் போதும். ‘அது எங்களுக்குள்ள ஒரு சட்டம்ங்க’ என்று ஆரம்பித்திருந்தால் துணிக்கடைக் கதை தானே வெளியே வந்திருக்கும். கண்ணாடிக்காரர் கதை சொல்லத் தெரியாதவரும் அல்ல. ஆனால் மூன்று ஜோடிக் கண்கள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தன. டீக்கு வைத்திருந்த பீங்கான் தட்டில் தங்கக் கோடு போட்டிருந்தது.

“வேலைக்கு வர்ற பையன்தாங்க” என்றார். “படிப்பு வாசனை கிடையாது. கண்டிச்சு வைக்கிறேன்.”

“இந்த மாதிரி ஆளுங்களுக்கு ரொம்ப இடம் கொடுக்கக் கூடாதுங்க. நம்மளையே ஏறி மிதிச்சிடுவாங்க.”

“வாஸ்தவம்ங்க” என்று சொல்லி, கூடவே ஒரு சிரிப்பும் சிரித்தார் கண்ணாடிக்காரர். அந்தச் சிரிப்பு வேண்டியதே இல்லை. யாரும் கேட்கவில்லை.

பையனாம்! காதோரம் நரைத்துக்கொண்டிருந்தது அந்தப் பையனுக்கு. இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன். கீழே நின்றிருந்த வண்டியில் பாதி அவனுடையது.

திரும்பிப் பார்த்தால் நெட்டை படியின் கடைசித் திருப்பத்தில் நின்றுகொண்டிருந்தான். கையில் பசைக் குழாய். எவ்வளவு நேரமாக நிற்கிறான் என்று முகத்திலிருந்து தெரியவில்லை. “இதுதானேண்ணே?” என்று நீட்டினான். அவ்வளவுதான்.

திரும்பும் வழியில் நெட்டை வண்டியை ஓட்டினான். எப்போதும் எதிரே வருகிறவன் பரம்பரையையே இழுத்துப் பேசிக்கொண்டு ஓட்டுகிறவன், அன்று ஊமைபோல ஓட்டினான். கண்ணாடிக்காரர் ஜன்னல் கண்ணாடியை ஏற்றினார், இறக்கினார். கடைசியில், “நாளைக்கு மட்டும்... அந்த வீட்டுல மட்டும்... கொஞ்சம் வாங்க போங்கன்னு பேசேன்டா” என்றார்.

“சரிண்ணே.”

“பொண்ணு குடுக்கிற இடம். உனக்கே தெரியும்.”

“தெரியும்ணே.”

“கோவமா?”

“கோவம் என்ன. பேசிட்டாப் போச்சு.”

சிந்திய நெல்லை அள்ளலாம், சொன்ன சொல்லை அள்ள முடியாது என்பார்கள். கண்ணாடித் தொழிலில் இருக்கிறவருக்கு அது இன்னும் நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும். உடைந்த கண்ணாடியைக்கூடக் கூட்டி அள்ளிவிடலாம். ஆனாலும் அவர், நாளை வேலை முடியட்டும், ஒரு டீக்கடையில் உட்கார்ந்து ‘டேய், நான் சொன்னது தப்புடா’ என்று சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்தார். நினைத்தது நிஜம். அதை மட்டும் அவர் பிறகு தனக்கே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டார்.

மறுநாள் இரண்டாவது கண்ணாடி. படி முழுக்க நெட்டை சொன்ன சொல் தவறாமல் பேசினான். “நில்லுங்க. படி முடியுதுங்க. இப்ப திரும்புங்க.” சத்தமே இல்லாத வேலை. கண்ணாடிக்காரருக்கு யாரோ முன்பின் தெரியாதவனோடு சேர்ந்து தூக்குவதுபோல இருந்தது. முன்னறை வாசலைத் தாண்டும்போது கதவின் இரும்புக் கொண்டியில் கண்ணாடியின் விளிம்பு லேசாகப் பட்டது. டிக் என்று ஒரு சின்னச் சத்தம்.

அந்தச் சத்தத்துக்கு இருவருக்கும் அர்த்தம் தெரியும். எந்தப் பக்கம், எவ்வளவு என்பது மட்டும் கண்ணாடிக்காரருக்குத் தெரியாது. கீறல் நெட்டையின் பக்கத்து மூலையில் தொடங்கி மேலே ஓடி, அவர் கழுத்துக்கு நேராக வந்துகொண்டிருந்தது. அவர் வழக்கம்போல அவன் வாயைப் பார்த்தார். வாய் திறந்தது. ஆனால் சொல் வரவில்லை. அவன் கண், அவர் தோளைத் தாண்டி ஒரு முறை போய்வந்தது. அவருக்குப் பின்னால், உள்ளறையிலிருந்து சம்பந்தி அப்போதுதான் வெளியே வந்து நின்றார்.

ஒரு முறை பார்த்துத் திரும்புகிற நேரம்தான். அதற்குள் கண்ணாடியின் மேல்பாதி பிரிந்து கண்ணாடிக்காரர் பக்கம் சரியத் தொடங்கியது. இனிச் சொல்லிப் பயனில்லை என்று நெட்டைக்குத் தெரிந்திருக்க வேண்டும். செய்யவே கூடாததைச் செய்தான். கையை நீட்டி, சரிகிற கண்ணாடியைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்தான்.

அறை முழுவதும் கண்ணாடி. நடுவில் நெட்டை சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, ஒரு கையால் இன்னொரு கையின் மணிக்கட்டை இறுகப் பிடித்திருந்தான். கண்ணாடிக்காரர் மேல் ஒரு கீறல்கூட இல்லை.

சம்பந்தியைக் குறை சொல்ல வழியில்லை. வீட்டிலிருந்த துண்டையெல்லாம் கொண்டுவந்து கட்டி, தன் காரிலேயே நெட்டையை ஏற்றிக்கொண்டு மருத்துவமனைக்குப் பறந்தவர் அவர்தான். இருக்கையெல்லாம் ரத்தமான காரைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை. மருத்துவர் தைத்தார். காயம் ஆறியது. ஆனால் உள்ளே நரம்பு போனது போனதுதான். வலது கையில் இரண்டு விரல் மடங்கவே இல்லை, பிடியில் பலமும் இல்லை. டம்ளரைப் பிடிக்கலாம். கண்ணாடியை அந்தக் கையை நம்பித் தூக்க முடியாது.

மறுநாள் மருத்துவமனை வராந்தாவில் உட்கார்ந்திருந்தபோது சம்பந்தி கேட்டார். “ஏங்க, முதல் நாள் அப்படிக் கத்தினவர், நேத்து ஏன் கத்தாம நின்னுட்டார்? கத்தியிருந்தா நீங்க ரெண்டு பேரும் விலகியிருக்கலாமே?”

கண்ணாடிக்காரர் அப்போதுதான் துணிக்கடைக் கதையைச் சொன்னார்.

“இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாமே” என்றார் சம்பந்தி. “நான் சிரிச்சிருப்பேனே.”

கோபமாகச் சொல்லியிருந்தாலாவது கண்ணாடிக்காரர் தாங்கியிருப்பார்.

நெட்டையின் கட்டு அவிழ்த்த பிறகு ஒரு நாள் அவன் வீட்டுக்குப் போனார். இரண்டு அறை வீடு. கொடியில் பள்ளிச் சீருடை காய்ந்துகொண்டிருந்தது. பழக்கதோஷத்தில் வாசலிலிருந்தே, “டேய் நெட்டை!” என்று குரல் கொடுத்தார். நெட்டையின் மனைவி வெளியே வந்தாள். நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். “அவர் குளிக்கிறாருங்க. உக்காருங்க.”

உட்கார்ந்தார். அவள் உள்ளே போகவில்லை.

“உங்களை ஒரு நாள் நாலு பேர் முன்னாடி டேய்ன்னது உங்களுக்குப் பொறுக்கலை. எனக்குப் புரியுது” என்றாள். குரலை உயர்த்தவே இல்லை. “இவரை நீங்க தினம் தினம் சொன்னீங்க. என் முன்னாடி, பிள்ளைங்க முன்னாடி. கையில கண்ணாடி இருந்தாலும் சொன்னீங்க, இல்லாட்டியும் சொன்னீங்க. அதை நான் யார்கிட்ட போய்க் கேக்க?”

நெட்டை எத்தனை வருஷமாகக் கண்ணாடிக்காரருக்கு நெட்டை! சட்டம் போட்டபோது, கீழே வைத்த பிறகு அவன் தனக்கு மரியாதை கொடுக்க வேண்டும் என்று சொன்னாரே தவிர, தான் அவனுக்குக் கொடுப்பதைப் பற்றி ஒரு வார்த்தை போடவில்லை. பாசத்தில்தான் சொன்னார், சந்தேகமில்லை. அந்தப் பாசம் எதிரிலிருப்பவர் காதில் என்னவாக விழுந்தது என்று கேட்கத் தோன்றவில்லை.

நாமும் இத்தனை நேரம் அவன் இவன் என்றுதான் சொல்லிக்கொண்டு வந்திருக்கிறோம். அந்தம்மாள் காதில் விழுந்திருந்தால் நமக்கும் இரண்டு கிடைத்திருக்கும். இனியாவது அவர் என்று சொல்வோம்.

நெட்டை ஈரத்தலையோடு வந்தார். “வாங்கண்ணே. எப்ப வந்தீங்க?” என்று எப்போதும்போலச் சிரித்தார். ஒரு பார்சல் அலுவலகத்தில் ரசீது கொடுக்கிற வேலை கிடைத்திருக்கிறதாம், உட்கார்ந்த இடத்து வேலையாம், நிழலாம். கண்ணாடிக்காரர், “நான் அன்னைக்குச் சொன்னது...” என்று ஆரம்பித்தார். “அட, விடுங்கண்ணே” என்று நெட்டை அதை அங்கேயே நிறுத்திவிட்டார். ஒரு வசவு வைதிருந்தால் கண்ணாடிக்காரருக்கு நிம்மதியாக இருந்திருக்கும். நெட்டை டீ ஆறுகிறது என்றார்.

அன்றிலிருந்து கண்ணாடிக்காரருக்குப் பேச்சில் ஒரு தடை வந்தது. நெட்டையை ‘டேய்’ என்று கூப்பிட நாக்கு எழவில்லை. ‘வாங்க’ என்றால் ஏதோ கேலிபோல இருந்தது. அதனால் ஆளே இல்லாத வாக்கியமாகத் தேடிப் பேசினார். “சாப்பாடு ஆச்சா?” “வேலை எல்லாம் எப்படிப் போகுது?” “பிள்ளைங்க சௌக்கியமா?” சம்பந்தமில்லாதவர்கள் இருவர் பேருந்து நிறுத்தத்தில் பேசிக்கொள்கிற பேச்சு.

கடையில் புதிதாக ஓர் ஆளைச் சேர்த்தார். கெட்டிக்காரன், வேலை தெரிந்தவன். அவனிடமும் சட்டத்தைச் சொன்னார். அவன் சிரித்துக்கொண்டே தலையாட்டினான். ஆனால் கண்ணாடியைத் தூக்கியதும், “முதலாளி, பாத்து வாங்க முதலாளி” என்றுதான் வந்தது. சொல்லிக்கொடுத்தும் பார்த்தார், அதட்டியும் பார்த்தார். அவன் வாயில் அந்த ‘டேய்’ ஒரு நாளும் ஒட்டவில்லை. இப்போதெல்லாம் அவர் நாலடிக்கு ஒரு முறை நின்று கழுத்தைத் திருப்பிப் பார்த்துக்கொண்டுதான் நடக்கிறார்.

மகள் கல்யாணத்துக்கு நெட்டை குடும்பத்தோடு வந்தார். வெள்ளைச் சட்டை, கைப்பொத்தானை மனைவி போட்டுவிட்டிருப்பாள். வாசலில் அவரைப் பார்த்ததும் சம்பந்தி எழுந்து போய், “வாங்க, வாங்க” என்று கையைப் பிடித்து அழைத்துவந்து முன்வரிசையில் உட்கார வைத்தார். சொந்தக்காரர்களிடம், “இவர் இல்லாட்டி நம்ம சம்பந்தி இன்னைக்கு இங்க இல்லை” என்றார். நாலு பேர் எழுந்து வணக்கம் சொன்னார்கள். நெட்டை கூச்சத்தோடு மடங்காத விரல்களை மறைத்துக்கொண்டு பதில் வணக்கம் சொன்னார். அந்தக் கூடத்தில் அன்று அவருக்குக் கிடைத்த மரியாதை மாப்பிள்ளைக்குக்கூடக் கிடைத்திருக்காது.

கூட்டம் சாப்பாட்டுப் பக்கம் நகர்ந்தபோது கண்ணாடிக்காரர் வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். மகள் மேடையிலிருந்து இருவருக்கும் சேர்த்துக் கையசைத்தாள்.

“ஒரே ஒரு தடவை கூப்பிட்டா என்ன?” என்றார் கண்ணாடிக்காரர், மேடையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

“என்னன்னுண்ணே?”

“தெரியாத மாதிரி கேக்க வேண்டாம்.”

நெட்டை மடியில் இருந்த தன் வலது கையைப் பார்த்தார். விரித்தார், மடக்கப் பார்த்தார். அவர் குரலில் கோபமோ குத்தலோ இல்லை. எப்போதும் கண்ணாடியைக் கீழே வைத்த பிறகு வருகிற அதே குரல்தான்.

“கண்ணாடி கையில இல்லையேண்ணே.”

பிறகு எழுந்து, “வாங்க, நீங்க இன்னும் சாப்பிடலைல்ல” என்று இடது கையை நீட்டினார்.